புது இஞ்சின் பழகும் வரை

கைப்பேசி கணவனின் விரலை ஏற்க மறுத்தபோது அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கட்டிக்கொண்ட தனக்கே சில நாள் இந்த மனுஷரை அடையாளம் தெரிவதில்லை, அது பாவம் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் பெருவிரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்திப் பார்த்தான். கடைசியில் அவளிடம் நீட்டினான். நுனியில் ரேகையே இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்பதால் அன்றைக்கே ஒரு களிம்பு வாங்கி வந்தாள்.

கார் வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கொழுந்தன் மெக்கானிக். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே அண்ணனை உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிட்டான்.

“புது இஞ்சின் உள்ள சொரசொரன்னுதான் இருக்கும்ண்ணா. பிஸ்டனும் சிலிண்டரும் உரசி உரசித் தேஞ்சு, ஒண்ணுக்கொண்ணு பொருந்தி வரணும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாதே. ஒரே வேகத்துலயும் போகாதே. வேற யார்கிட்டயும் குடுக்காதே, ஒரே கை பழகட்டும். அதுக்கப்புறம் தேய்மானம் நின்னுடும், நீ சொன்னபடி கேக்கும்.”

கணவனுக்கு அது வேதவாக்கு. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, காபியைக் கூட நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான். பொழுது சாயும் நேரத்தில் தெருக்கோடியில் வண்டியின் சத்தம் கேட்கும். சமையலறை ஜன்னல் வழியே புது ரப்பரும் சூடான பெயின்ட்டும் கலந்த வாசனை முதலில் வரும், பின்னாலேயே தொண்டை கட்டியவர் பேசுவது போன்ற இஞ்சினின் கரகரப்பு, அப்புறம் வாசல் சுவரில் ஏறி இறங்கும் விளக்கு வெளிச்சம். வண்டியை நிறுத்திய பிறகும் உள்ளே இரும்பு சுருங்கும் ‘டிக், டிக்’ சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாளாக ஆக அந்தக் கரகரப்பு குறைந்தது. ஒரு மாலை வண்டி வந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. “குட்டி எங்கே?” என்று பின்னாலிருந்து யாரோ மகளைப் பற்றிக் கேட்டார்கள். திடுக்கிட்டுத் திரும்பினாள். கணவன்தான். குரல் மட்டும் மணலில் இழுத்த தகரம் மாதிரி இருந்தது.

களிம்புகள் ஒன்றும் எடுபடவில்லை. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு ஒவ்வாமை என்றார். உள்ளங்கைக் கோடுகள் போயின. பாதம் வழுவழுத்து, குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்தான். சிரித்தால் பல்லின் நுனிகள் மழுங்கித் தெரிந்தன. புருவம் உதிர்ந்தது. அவனுக்கு வலியே இல்லை.

“வண்டியை வித்துடலாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“உனக்கென்ன பைத்தியமா? இப்பதான் வழிக்கு வருது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.”

மறுநாள் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள். அவன் சாவியைக் கேட்கக்கூட இல்லை. வாசலுக்குப் போய், பானெட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். இருட்டும் வரை நின்றான். கூப்பிடப் போனவள் தானும் தொட்டுப் பார்த்தாள். நாள் முழுக்க ஓடாத வண்டி சுட்டது. அவன் உடம்பு ஜில்லிட்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்து, நடுங்கிக்கொண்டிருந்தான். செத்துவிடுவானோ என்று பயந்து சாவியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரே ஒரு நம்பிக்கையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் முடிந்தால் தேய்மானம் நின்றுவிடும்.

ஆயிரம் முடிந்தது. மழை கொட்டிய ஒரு பிற்பகலில் குட்டியையும் கூட்டிக்கொண்டு கொழுந்தனின் ஷெட்டுக்குப் போனார்கள். தகரக் கூரையில் மழை இரைந்தது. கணவன் வண்டியை விட்டு இறங்கவில்லை. குட்டி பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள்.

“முதல் ஆயில்ல இரும்புத் தூள் மினுமினுன்னு வரும் பாருங்க அண்ணி,” என்று கொழுந்தன் அடியில் தட்டை வைத்துத் திருகாணியைக் கழற்றினான்.

எண்ணெய் இறங்கியது. தேன் நிறம். ஊற்றிய அன்று இருந்த அதே நிறம். விரலில் தொட்டு, தேய்த்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். காந்தத்தை முக்கி எடுத்தான். ஒரு துகள் கூட ஒட்டவில்லை.

“இப்படி இருக்க முடியாதே. இத்தனை தூரம் ஓடியிருக்கு, எதுவோ ஒண்ணு தேஞ்சிருக்கணுமே.”

எது தேய்ந்தது என்று அவளுக்குத் தெரியும்.

கொழுந்தன் திருகாணியை முடுக்கி, புது எண்ணெயை ஊற்றிவிட்டுக் கையைத் துடைத்தான். “இது இன்னும் பழகவே ஆரம்பிக்கல அண்ணி. மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும்.”

வண்டிக்குள்ளிருந்து யாரோ தலையாட்டினார்கள். மழைநீர் வழிந்த கண்ணாடி வழியே அந்த முகத்தைப் பார்த்தாள். தீரப்போகும் சோப்புக்கட்டி. மூக்கு இருந்த இடத்தில் ஒரு மேடு. வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு.

இஞ்சின் உறுமியது. முதல் நாள் கேட்ட அதே கரகரப்பு.

“அண்ணா! எங்கே போறே?”

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பாதி தின்ற பிஸ்கட் மட்டும் கிடந்தது.

வண்டி நகர்ந்தது. புது வண்டியை ஓட்டும் அதே நிதானத்தில். அவள் பக்கத்திலேயே நடந்தாள். ஓடக்கூடத் தேவையில்லை. அத்தனை மெதுவாகத்தான் போனது. கைப்பிடியை இழுத்தாள். வழுக்கியது. மறுபடி இழுத்தாள். மறுபக்கம் கொழுந்தன் கண்ணாடியைக் குத்திக்கொண்டே வந்தான். அது விரிசல் கூட விடவில்லை.

“குட்டி! இறங்குடி! அம்மா கூப்பிடறேன், இறங்கு!”

குட்டி அப்பாவின் மடியில் இருந்தாள். ஸ்டியரிங்கில் அவளுடைய சின்னக் கைகள். அவற்றை மேலிருந்து அழுத்திப் பிடித்தபடி, விரலில்லாத இரண்டு வழவழப்பான கைகள். குட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டியின் சத்தம் மெல்ல அடங்கியது. குட்டியின் சிரிப்பு கரகரத்தது.