கொலோசவின் அடுத்த நாற்காலி

செவ்வாய்க்கிழமை பின்னேரம் தமயந்தி கொப்பியைத் திறந்தபோது அந்த அலுவலகத்தில் ஓர் ஆள் குறைந்திருந்தார்.

கதையில் வரும் அலுவலகம்தான். அவள் கணவர் குணரத்தினம் எழுபதுகளின் கடைசியில் மாஸ்கோவில் பொறியியல் படித்தவர். அங்கே பார்த்த அதிகாரிகளைக் கேலி செய்து ஒரு நாவல் எழுதி, அதை நீல மட்டைக் கொப்பியில் இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தார். வருகிற ஆகஸ்டில் அவருக்கு அறுபது வயது. அதற்குள் புத்தகமாக்கிவிட வேண்டுமென்று, முதியோர் இல்லத்துக் காலை வேலை முடிந்து பாபடோயிட்டோய் என்ற புறநகரில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் தினமும் சில பக்கங்களை மடிக்கணினியில் அடித்தாள். ஒனிஹங்கா பஸ் பட்டறையிலிருந்து அவர் திரும்பும் வரை வீடு அவளுக்கு மட்டும்தான்.

கதை ஓர் உருளைக்கிழங்கு விநியோக அலுவலகத்தைப் பற்றியது. ஏழு மேசைகள். கதவோரம், குளிர்காற்று அடிக்கும் கடைசி மேசையில் கொலோசவ். கணப்படுப்பை ஒட்டிய முதல் மேசைதான் அவனுடைய வாழ்வின் இலட்சியம். கிழங்கு அழுகினால் அவன் கவலைப்பட மாட்டான். அழுகியதற்கு யார் பெயரைப் போடலாம் என்றுதான் யோசிப்பான். மாலையானால் யாரையாவது காட்டிக்கொடுத்துக் கட்சிக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதுவான்.

குறைந்திருந்தவள் வேரா. கோப்பு அலமாரிக்குள் பூனை வளர்த்து, அதைத் தோழர் என்று பதிந்து பால் பங்கீடு வாங்கிய தட்டெழுத்துக்காரி. திங்களன்று அந்தப் பக்கத்தை அடித்தபோது தமயந்தி தனியே இருந்து சிரித்திருந்தாள். இப்போது வேராவின் மேசையில் கொலோசவ் இருந்தான். ‘அப்படி ஒருவர் இங்கே வேலை பார்த்ததில்லை’ என்று ஒரு வரி. அதுவும் கணவரின் கையெழுத்தேதான். மடிக்கணினியிலும் அதே வரி.

சாப்பிடும்போது கேட்டாள். குணரத்தினம் சிரித்தார்.

“பூனையோ? நான் பூனை ஒண்டும் எழுதேல்லையப்பா. கிழடுகளோட வேலை செய்து உமக்கும் மறதி வந்திட்டுது போல.”

புதனன்று களஞ்சியக்காரர் இல்லை. வியாழனன்று மூன்று பேர் இல்லை. ஒவ்வொரு முறையும் கொலோசவ் காலியான நாற்காலிக்கு நகர்ந்திருந்தான். ஒவ்வொரு முறையும் அதே வரி.

வெள்ளிக்கிழமை நாலரைக்கே வானம் இருண்டு, தகரக் கூரையில் மழை தூறத் தொடங்கியது. வேலிக்கு அப்பால் மார்கரெட் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மலேசியாவிலிருந்து வந்தவள், பதினொரு வருடப் பக்கத்து வீட்டுக்காரி, தமயந்திக்கு ஆபரேஷன் நடந்த மாதம் முழுக்கச் சமைத்துக் கொடுத்தவள். ஜன்னலில் இவளைப் பார்த்ததும், “எந்நேரமும் கம்ப்யூட்டர் லா! கண்ணு போயிரும் பாரு,” என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் சமையலறை விளக்கு எரிந்தது. அந்த மஞ்சள் வெளிச்சம் தந்த தைரியத்தில் தமயந்தி கொப்பியைத் திறந்தாள்.

முதலில் வாசனை வந்தது. நனைந்த கம்பளிக் கோட்டின் புழுக்கமும், வேகவைத்த முட்டைக்கோவாவும், மலிவுப் புகையிலையும் கலந்து, பூட்டிய அறையை வெகுநாள் கழித்துத் திறந்ததுபோல் காகிதத்திலிருந்து எழுந்து அவள் தொண்டையில் தங்கியது.

அலுவலகத்தில் கொலோசவ் மட்டும் இருந்தான். கணப்படுப்பின் அருகே. ‘இனி மேலே போக யாரைப் பற்றி எழுதுவது என்று யோசித்தான். இந்த அலுவலகத்தைக் கேலி செய்தவன் யார்?’

அதன் கீழே ஒரு படிவம். ‘சாட்சி: தட்டெழுத்தாளர் தமயந்தி.’ அதற்கு மேலே, ‘பெயர்’ என்ற இடத்தில், ஈர மை.

கு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அடுத்த எழுத்து சுழன்று வந்தது.

ண.

கைபேசியை எடுத்து அவரை அழைத்தாள். அந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. கதவோரம் ஓடினாள். அவருடைய சப்பாத்து இருக்கும் தட்டில் தூசு. பல வருடத் தூசு.

திரும்பி வந்தாள்.

ர.

பேனை எங்கே. பேனை. அகப்பட்டது. அந்த மூன்று எழுத்தையும் கிழிபடக் கிழிபட வெட்டினாள். மை நின்றது. நின்று, காத்திருந்தது. படிவம் வெறுமையாக இருக்க விரும்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு பெயர் வேண்டும். ஏதோ ஒரு பெயர்.

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்.

எழுதினாள். ஐந்தே எழுத்து, சட்டென்று முடிந்துவிட்டது.

வெளிச்சம் அணைந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. சாவி திரும்பியது. மழையோடும் கிரீஸ் வாடையோடும் குணரத்தினம் உள்ளே வந்தார். தமயந்தி அவரை இறுகக் கட்டிக்கொண்டாள். அவர் நெஞ்சு சூடாக இருந்தது. அது போதும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் அது போதுமாகவே இருந்தது.

“என்னப்பா, ஏன் இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?” முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னலை எட்டிப் பார்த்தார். “உந்த வெறும் வீட்டைப் பார்த்துப் பயந்திட்டீரோ? நாங்கள் வந்த நாளில இருந்து பூட்டித்தானே கிடக்கு.”

வேலிக்கு அப்பால் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கொடிக்கம்பி இல்லை. ஜன்னலில் பலகை அறைந்திருந்தது.

அவர் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட உள்ளே போனார். மேசையில் கொப்பி அடுத்த பக்கத்தில் திறந்து கிடந்தது. புதிய படிவம். சாட்சியின் இடத்தில் அவள் பெயர் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. ‘பெயர்’ என்ற இடத்தில் மை ஊறத் தொடங்கியிருந்தது.

கு.

பேனை அவள் கையில்தான் இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. ஜன்னலில் இப்போது பலகை இல்லை. மார்கரெட்டின் சமையலறை இருந்த இடத்தில் ஒரு மேசை, ஒரு மேசைவிளக்கு, நனைந்த கம்பளிக் கோட்டோடு ஒரு மனிதன். அவன் நாற்காலியைச் சத்தமில்லாமல் அவள் பக்கம் திருப்பி, நுனியில் உட்கார்ந்து, இந்த வீட்டு ஜன்னலையே பார்த்தான். உட்கார்ந்த இடம் அவனுக்கு இன்னும் போதவில்லை.