பதினைந்தாம் எண்ணுக்குக் கண் பரிசோதனை இலவசம்

"வாசல்ல அந்த போர்டை எழுதினது யாரு?"

குடையைக்கூட மடக்காமல் உள்ளே வந்து நின்றான் அவன். கண்ணாடிக் கடையின் தரையெல்லாம் மழைத்தண்ணீர். அவள் நிமிர்ந்து பார்த்தாள். டிவியில் பார்த்த அதே முகம்...

"நான்தான்," என்றாள். பொய் சொல்லிப் பழகாத வாய், என்ன செய்வது?

சனிக்கிழமை தேசிய ரக்பி அணி அறுபத்திரண்டுக்கு மூன்று என்று தோற்றிருந்தது. சலூனில் அதே பேச்சு, பஸ்ஸில் அதே பேச்சு. உள்ளறையில் லென்ஸ் அறுக்கும் அவளுடைய அப்பா இரண்டு நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உயரே வந்த மூன்று பந்துகளை நழுவவிட்ட பதினைந்தாம் எண் சட்டைக்காரன்தான் எல்லோருக்கும் குற்றவாளி. கண் பரிசோதிப்பவளான இவளும் தன் பங்குக்கு வாசல் கரும்பலகையில் எழுதிவைத்தாள்: 'பதினைந்தாம் எண்ணுக்குக் கண் பரிசோதனை இலவசம்.' ஊரே சிரித்தது. அந்த எண்ணுக்குள் ஒரு ஆள் இருப்பான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இலவசம்னு போட்டிருக்கீங்க, வந்துட்டேன். என் கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடுங்க. அதையும் வாசல்லயே ஒட்டுங்க."

"உக்காருங்க சார்," என்றாள் மெல்ல.

இருட்டறையில் அவன் வலது கண்ணை மூடினாள். சுவரில் எழுத்து வரிசைகள் ஒளிர்ந்தன. முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி... மூச்சுவிடாமல் படித்துக்கொண்டே போனான். பொடி எழுத்துகளைப் படிக்கும்போது எவரும் கொஞ்சமாவது திணறுவார்கள். இவனோ வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி... அவளுக்குப் பொறி தட்டியது. சத்தமில்லாமல் பொத்தானை அழுத்தினாள்.

அவன் அடுத்த வரியையும் கணீரென்று சொல்லி முடித்தான்.

"சார்... அட்டையை மாத்திட்டேன். நீங்க இன்னும் பழைய அட்டையையே படிக்கிறீங்க."

வெளியே மழை கொட்டியது. அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டீம் கேம்ப்ல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுத்தான் கண்ணு பாப்பாங்க," என்றான். "நாலு வருஷமா அங்கயும் இதே அட்டைதான். முன்னாடி நிக்கிறவன் சத்தமா படிக்கிறதைக் கேட்டே மனப்பாடம் ஆயிடுச்சு. இடது கண்ணு மங்கலா தெரியுதுன்னு சொன்னா டீம்லேருந்து தூக்கிடுவாங்கன்னு பயம்... மேடம், குருடாயிடுவேனா?"

அத்தனை பெரிய உடம்புக்குள்ளிருந்து இத்தனை சின்னக் குரலா? அவளுக்குத் தன் போர்டை நினைத்துக் கூசியது. அவசரமாக, ஆனால் ஒன்றையும் விடாமல், இரண்டு கண்களையும் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கறுப்பான, அழுது முடித்த குழந்தையின் கண்கள் போலிருந்தன... வேலையைப் பார், என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"வெறும் கிட்டப்பார்வை. கான்டாக்ட் லென்ஸ் போட்டுட்டே விளையாடலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. நான்கு வருடப் பாரம் இறங்கும் வரை அவள் காத்து நின்றாள்.

ஆனால் அவள் ரிப்போர்ட்டை எழுதியதும் அவன் முகம் மாறியது.

"இதைக் கோச் பார்த்தா நான் ஏமாத்தினது தெரிஞ்சுடும். நார்மல்னு எழுதுங்க. லென்ஸை ரகசியமா போட்டுக்கறேன்."

"அது என்னால முடியாது. நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

"உங்களுக்கென்ன, ஈசியா சொல்லிட்டீங்க." காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

போர்டை அன்றே அழித்தாள். கதவு திறக்கும் போதெல்லாம் நிமிர்ந்தாள்... யார் யாரோ வந்தார்கள். "யாரைம்மா தேடுறே?" என்று அப்பாவே வாய் திறந்து கேட்கும்படி ஆகிவிட்டது.

நான்காம் நாள் காலையில் வந்தான். இந்த முறை குடையை வாசலிலேயே மடக்கினான்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"கன்னாபின்னான்னு திட்டினாரு. அப்புறம் தலையில கை வச்சுட்டு உக்காந்துட்டாரு. நாலு வருஷமா நீ பந்தை விடறதைப் பாத்து உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சேனேடான்னாரு. ஒரு மேட்ச் வெளியில உக்காரணும். அதுக்கப்புறம் லென்ஸோட வரச் சொல்லிட்டாரு."

"அப்பாடா..." என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். அப்படியே சிரிப்பும் வந்தது.

"நடுவுல ரெண்டு தடவை வந்தேன். எதிர்த்தாப்ல பஸ் ஸ்டாப்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டேன்."

"உள்ள வந்தா என்னவாம்?"

"கோச்கிட்ட உண்மையைச் சொல்லாம உங்க முன்னாடி வந்து நிக்க வெட்கமா இருந்துச்சு." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "டீம் டாக்டரே லென்ஸ் தரேன்னாரு. வேண்டாம்னுட்டேன். லென்ஸுக்காக வரல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

உள்ளறையில் லென்ஸ் அறுக்கும் மெஷின் சட்டென்று நின்றது. அப்பா காதைத் தீட்டிக்கொண்டுவிட்டார். கேட்கட்டும், என்று நினைத்தாள் அவள்.

"நாலு நாளா என்னை வாசலையே பாக்க வச்சுட்டு, இப்பதான் சொல்றீங்க."

அவன் முகம் மலர்ந்தது. மறுபடி ஒரு பயம் எட்டிப் பார்த்தது.

"அடுத்த மேட்ச்லயும் தோத்துட்டா?"

"தோத்துட்டு நேரா இங்க வாங்க," என்றாள்.