இன்றைய தேதியில் ஒன்றும் இல்லை

கணினி பழுது பார்க்கும் கடை முதல் மாடியில் இருந்தது. திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குப் படியேறி வந்தவர், இரண்டு தெரு தள்ளிச் செயற்கைக் கால் செய்யும் பட்டறையின் முதலாளி. உட்காரச் சொன்னதைக்கூடக் காதில் வாங்காமல், "என் கூடப் பிறந்த தம்பியே என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டான்" என்றார்.

கடையை நடத்திய பெண்ணைத் தெருவில் எல்லோரும் மெக்கானிக்கம்மா என்று கூப்பிடுவார்கள். அவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த மாமனாருக்குத்தான் பரபரப்பு. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் எங்கே போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுவார்.

முதலாளி சொன்னது இதுதான். காலை இழந்தவர்களின் மிச்சக் காலை ஒரு கருவியால் படமெடுத்து, அந்த வடிவத்தைக் கணினியில் வைத்துக்கொண்டு செயற்கைக் கால் செய்கிறார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் வடிவங்கள் இருந்தன. காலை பத்து மணிக்குப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. தினமும் நகல் எடுத்து வைக்கும் தனி டிஸ்க்கிலும் இல்லை. அந்த டிஸ்க்கை அப்போதுதான் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான் தம்பி. தனியாகப் பட்டறை வைக்கப் போவதாகச் சனிக்கிழமைதான் அண்ணனோடு சண்டை போட்டிருந்தான். எங்கே மறைத்து வைத்தாய் என்று எல்லோர் முன்னாலும் இவர் கேட்க, அவன் டிஸ்க்கை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

"ரெண்டு இடத்திலயும் காணோம்னா கை வச்சது ஆள்தானே?" என்றார் முதலாளி. மாமனார் பலமாகத் தலையாட்டினார்.

"போய்ப் பார்க்கலாம். அதுவரை அந்த ரெண்டையும் யாரும் தொட வேண்டாம்னு போன்ல சொல்லிடுங்க" என்றார் மெக்கானிக்கம்மா.

பட்டறையில் அச்சு வார்க்கும் சாந்தின் வாசனை அடித்தது. கூடத்தில் ஒரு கொத்தனார் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வாரம் கால் கிடைத்தால் அடுத்த வாரம் வேலைக்குப் போகலாம் என்று நம்பி வந்தவர். வடிவங்கள் கிடைக்காவிட்டால் அவரைப் போல எத்தனையோ பேர், வெகுதூரத்திலிருந்து மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

கணினியைப் பராமரிக்க ஒரு மென்பொருள் போட்டிருந்தார்கள். தினமும் காலை ஒன்பதரைக்கு அது இரண்டு வேலை செய்யும். ஒரு வருடத்துக்கு மேல் பழையதாகிவிட்ட வடிவங்களை அழிக்கும். ஒரு வருடத்தில் காலின் அளவே மாறிவிடுவதால் அவை பயன்படாது. பிறகு மிச்சத்தை டிஸ்க்கில் நகல் எடுக்கும். செய்ததையெல்லாம் தேதி போட்டுக் குறிப்பும் எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைத் தானே பார்த்துவிட்டதாகவும், இன்றைய தேதியில் ஒன்றுமே இல்லை என்றும் முதலாளி சொன்னார். மென்பொருள் ஓடவேயில்லை, ஆகவே தம்பிதான் என்பது அவர் கணக்கு.

மெக்கானிக்கம்மா திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நேற்று ஞாயிற்றுக்கிழமை பட்டறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனீர்களா என்று விசாரித்தார். ஆமாம் என்றார் முதலாளி. மாமனாரிடம் திரும்பி, காலையில் இங்கே யாருக்காவது சீட்டு அச்சடித்துக் கொடுத்திருந்தால் வாங்கி வரும்படி சொன்னார்.

கண்டக்டர் ஒரே நிமிடத்தில் கொத்தனாரின் வரிசைச் சீட்டோடு வந்தார். ஒன்பது இருபதுக்கு அச்சானது. சீட்டில் முதலில் தேதியைப் பார்ப்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம்.

"இது செல்லாதும்மா. அடுத்த வருஷத் தேதி போட்டிருக்கு" என்றார்.

"அதுதான் எனக்கு வேணும் மாமா." மெக்கானிக்கம்மா முதலாளியைப் பார்த்தார். "காலையில கம்ப்யூட்டரைப் போட்டப்ப தேதி தப்பா காட்டுச்சா சார்?"

பத்து வருடம் பின்னால் காட்டியதாகவும், தானே திருத்தியதாகவும் அவர் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

"உள்ளே கடிகாரத்துக்குன்னு பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கு. அது செத்துப்போச்சு. மின்சாரம் இல்லாதப்ப கடிகாரம் பழைய தேதிக்கே போயிடுச்சு. நீங்க திருத்துறப்ப வருஷத்துல ஒண்ணு கூடிப்போச்சு. ஒன்பதரைக்கு மென்பொருள் எழுந்து பார்த்தா, நேத்து வரைக்கும் எடுத்த எல்லா வடிவத்துக்கும் ஒரு வயசு தாண்டியிருக்கு. அத்தனையையும் அழிச்சிடுச்சு."

"அப்ப நகல்?" என்றார் மாமனார்.

"இங்கே இருக்கிற மாதிரியே அங்கேயும் இருக்கணும்னு அதுக்குக் கட்டளை. இங்கே காலின்னா அங்கேயும் காலி. பத்து மணிக்கு இணைய இணைப்பு வந்ததும் தேதி தானா சரியாயிடுச்சு. அதனாலதான் இன்னைக்குத் தேதியில ஒண்ணும் தெரியலை."

குறிப்பைக் கடைசி வரை நகர்த்திக் காட்டினார். அடுத்த வருடத்தில் இதே நாள், ஒன்பதரை மணி: முந்நூற்றுப் பன்னிரண்டு அழிக்கப்பட்டன.

முதலாளி அந்த வரியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும். அழிச்சது உடனே அழியாது, மேலே வேற எதையாவது எழுதினாத்தான் போகும். உங்க தம்பி காலியானதைப் பார்த்ததும் டிஸ்க்கைப் பிடுங்கியிருக்கார். அந்தப் புத்தி அவருக்கு வந்ததாலதான் நான் இப்ப எதையாவது எடுக்க முடியும்."

அவர் புது டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, மீட்கும் மென்பொருளை ஓடவிட்டார். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டும் கிடைத்தன. ஆனால் பெயர்கள் போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் வெறும் எண்தான். முதலாளி சிலவற்றைத் திறந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

பார்த்த மாத்திரத்தில் இது இன்னார் கால் என்று சொல்லக்கூடியவர் யாராவது உண்டா என்று மெக்கானிக்கம்மா கேட்டார். முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பினார்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தம்பி ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கணினி முன் உட்கார்ந்து முதல் வடிவத்தைத் திருப்பிப் பார்த்தான். "தபால் ஆபீஸ் அக்கா. இடது கால்" என்றான். அண்ணன் நோட்டை எடுத்து எழுதினார். அடுத்தது ஒரு டிரைவர். அடுத்தது பள்ளிக்கூட வாத்தியார். கொத்தனாரின் கால் நாற்பதாவதாக வந்தது. கூடத்தில் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

அதன் பிறகு வந்த ஒன்றைப் பார்த்து, இது தனக்கே தெரியும், நம் தையற்காரர்தான் என்று சொல்லிக்கொண்டே முதலாளி எழுதினார்.

"இல்லண்ணா" என்றான் தம்பி. "அது அவர் பொண்ணோடது."

முதலாளி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.