காயாத கையுறை

இரண்டு முழங்கால்களும் காலையிலிருந்தே குடைந்துகொண்டிருந்தன. பழைய இரும்புக் கிடங்கின் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கும்போது இன்ஸ்பெக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். மணி 12.05.

பிணத்தைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். இரும்பு பிரிக்கும் ஆள். நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். 11.20க்கு, கிரேனில் தொங்கிய மின்காந்தம் கவ்வியிருந்த ஒன்றரை டன் இரும்பு அவன்மேல் விழுந்திருந்தது. கிரேனை ஓட்டியவன் அவனுடைய தங்கை புருஷன்.

"காலையில ரெண்டு பேருக்கும் சண்டை மேடம்," என்றான் மேஸ்திரி. "'வாங்கினதைத் திருப்பிக் குடு மாப்ளே'ன்னு நெட்டையன் போட்ட சத்தம் கிடங்குக்கே கேட்டுச்சு."

"காந்தம் பழுதாயிருந்தா?"

"வாய்ப்பே இல்ல. உள்ள கம்பிச் சுருள் சூடேறினாத்தான் பிடி தளரும். வெளி ஓட்டுல மீட்டர் இருக்கு. விழுந்த உடனே பார்த்தேன், நாப்பத்தோரு டிகிரி. தொட்டா சுடல. சுவிட்சை அணைச்சது இவன்தான்."

கிரேன்காரன் சுவரோரம் குந்தியிருந்தான். இரண்டு பக்கமும் போலீஸ்.

"அணைச்சியா?"

"இல்லைங்க."

"அவன்கிட்ட என்ன வாங்கின?"

"கையுறை. கிரேன் ஏணிக் கம்பி கையை அறுக்குதுன்னு சொன்னேன். அவன்கிட்ட ரெண்டு ஜோடி இருந்துச்சு, ஒண்ணைக் குடுத்தான்."

"கையுறைக்கா அவ்வளவு சத்தம்?"

"தூசி அடங்க இரும்பு மேல தண்ணி பீச்சுவாங்க மேடம், கையுறை ஊறிடும். டீ குடிக்கிற நேரத்துல காந்தத்து மேல போட்டு வெச்சா மொறுமொறுன்னு காஞ்சிடும். இந்த வாரம் காயவே இல்ல. நாலு நாளா ஈரத்தையே மாட்டிக்கிட்டு விரலெல்லாம் வெந்துபோச்சுன்னு திட்டினான்."

இன்ஸ்பெக்டரம்மா தார்ப்பாயை விலக்கி, செத்தவனின் ஒரு கையுறையைக் கழற்றிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

12.40. இறக்கி வைத்திருந்த காந்தத்தைச் சுற்றி வந்தார். பக்கத்தில், அது வழக்கமாக நிற்கும் இடத்தில், தரையில் கறுப்பாக ஒரு எண்ணெய்த் திட்டு. மேலே தூசி படிந்து காய்ந்திருந்தது.

"உள்ள சுருளை ஆத்துற எண்ணெய் ஒழுகுச்சா?"

"ஒழுகுச்சு. திங்கட்கிழமை வாஷர் மாத்திட்டேன்," என்றான் மேஸ்திரி.

"மூடியைக் கழட்டாமலா? போல்ட்டுல துரு அசையக்கூட இல்லையே."



இன்ஸ்பெக்டரம்மா எண்ணெய் ஊற்றும் துளையைத் திறந்து, உள்ளே ஒரு கம்பியை விட்டு எடுக்கச் சொன்னார். வெளி ஓட்டின் ஓரத்தில் கம்பி கூழ்போன்ற எண்ணெயைப் பூசிக்கொண்டு வந்தது. சுருளின் ஓரத்தில் எண்ணெய் தண்ணீராக இளகி, கருகல் நாற்றத்தோடு வந்தது.

"கெட்டியான கியர் எண்ணெயை ஊத்தியிருக்கே. இதுக்கு உண்டான எண்ணெய் சூட்டுல இளகி மேல ஏறும், ஓட்டுல சூட்டைக் குடுத்துட்டுக் கீழ இறங்கும். சுத்திக்கிட்டே இருக்கும். உன் எண்ணெய் சுருளை ஒட்டி மட்டும் இளகிச்சு. ஓட்டுப் பக்கம் ஆறிப்போய் அசையாம நின்னுச்சு. சூடு வெளியே வரவே இல்ல. அதான் மீட்டர் ஏறல, கையுறையும் காயல. உள்ள சுருள் வெந்து, கரண்ட் குறைஞ்சு, பிடி விட்டுடுச்சு."

"வாஷர் மாத்த ரெண்டு நாள் வேலை நிக்கும் மேடம். கெட்டி எண்ணெய்னா ஒழுகாது..."

"பிடி தளருதுன்னு யாரும் சொல்லலையா?"

"பத்து மணிக்கே சொன்னேன்," என்றான் கிரேன்காரன். "'மீட்டரைப் பாருடா, உனக்குத்தான் தளருது'ன்னாரு மேஸ்திரி."

மேஸ்திரியை ஜீப்பில் ஏற்றினார்கள். மணி 1.15.

"நீ வீட்டுக்குப் போ," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

கிரேன்காரன் எழவில்லை. இடுப்பில் செருகியிருந்த கையுறைகளை உருவி மடியில் வைத்தான். கொஞ்சமும் ஈரமில்லை.

"சாயங்காலம் குடுத்துடறேன் மச்சான்னு சொல்லியிருந்தேன்," என்றான்.

அவன் நெட்டையனுக்குத் தர வேண்டியது ஒரு ஜோடி கையுறை.