மூன்று மணிக் கோப்பு

மூன்று மணிக் கோப்பு மட்டும் பெரிதாக இருந்தது.

ஹெலினா பட்டியலை மறுபடி மேலிருந்து பார்த்தாள். அசையாத படம் அதிக இடம் பிடிக்காது. ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடக்கும் உடம்பை, கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி ராத்திரி முழுக்கப் பிடித்தால், ஒவ்வொரு மணி நேரக் கோப்பும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, எல்லாம் ஒரு ஜிபி. மூன்று மணிக்கு மட்டும் நாலரை. நான்கு மணிக்குப் பழையபடி ஒன்று. அந்தப் பெட்டியில் கிடந்தவர் அவளுடைய அப்பா பிரகாசம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கள்ளிக்குப்பத்தில் ராஜசேகரனின் வீடியோ ஸ்டுடியோ மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. கல்யாணமும் சாவும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையாகக் காட்டுகிற ஸ்டுடியோ அது. வீடியோக்களைச் சேமிக்கப் புதிதாக வந்த பத்து டிஸ்க் பெட்டி மூலையில் இரைந்துகொண்டிருக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாசனை அறையெங்கும் நின்றது. வெள்ளிக்கிழமை தானாக ஓடும் பேக்கப், இந்தப் புதுப் பெட்டியையும் சேர்த்து விழுங்கப் பார்த்து, பாதியில் திணறி நின்றுவிட்டது. எதற்கு இரண்டாவது பிரதி, எதற்கு வேண்டாம் என்று இன்றைக்குப் பிரித்தாக வேண்டும்.

போன் அடித்தது. முதலாளி.

"ஹெலினா, சாவு வூட்டு நைட் ஃபுட்டேஜ் எல்லாம் லிஸ்ட்ல இன்னாத்துக்கு கீது? ஒண்ணுமே அசையாத படம். தூக்கிக் கடாசு."

"சார், அது அவுங்க அவுங்களுக்குக் கடைசி ராத்திரி."

"பத்து டிஸ்க்ல ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும்னு நீதான சொன்ன? அப்பால எதுக்குக் காப்பி?"

"டிஸ்க் போனா தாங்கும். நீங்க தப்பா அழிச்சா தாங்குமா? கொரட்டூர் கல்யாணத்த அழிச்சது டிஸ்க்கா சார், நீங்களா?"

"சரி, உன் நைனாவோடத மட்டும் வெச்சிக்க" என்று பிச்சை போடுவது போலச் சொல்லிவிட்டு வைத்தார். ஹெலினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா போன நாளிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை, கோபம்தான். நெஞ்சு வலியைச் சொல்லாமல் மறைத்த அப்பா மேல் கோபம். சரக்குக் கப்பலில் போய் மாட்டிக்கொண்டு அடக்கத்துக்கு வராத தம்பி மேக்ஸ்வெல் மேல் கோபம்.

நடுக்கடலில் நேரலை எடுபடவில்லை அவனுக்கு. கப்பல் இன்று ஒரு நாள்தான் துறைமுகத்தில் நிற்கும். "ராத்திரி முழுக்க வேணும்க்கா. நைனா பக்கத்துல நான் முழிச்சிகினு இருக்கணும்" என்று கெஞ்சியிருந்தான். காலையிலேயே முழு லிங்கையும் அனுப்பிவிட்டாள். இப்போது கோப்பு கெட்டுப்போயிருந்தால்?

கேமரா கார்டை எடுத்துச் சொருகி ஒப்பிட்டாள். அதிலும் நாலரை. கோப்பு கெடவில்லை. அப்படியென்றால் கேமராமேன் உத்தமன் தூங்கியிருப்பார், எவனோ வந்து கேமராவை ஆட்டியிருப்பான். அப்பா படத்திலுமா இப்படி அலட்சியம்? நாளைக்கு அந்த மனுஷனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும்.

போனில் செய்தி வந்து விழுந்தது. மேக்ஸ்வெல். "ரெண்டு மணி ஃபைல் முடியப் போவுதுக்கா. நைனா தூங்கற மாரியே கீது."

அவள் மூன்று மணிக் கோப்பைத் திறந்தாள்.

டியூப்லைட் வெளிச்சம். பாயில் படுத்திருக்கும் பெண்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. கண்ணாடிக்குக் கீழே அப்பா, கட்டிய கைகளில் செபமாலை. கேமரா ஆடவே இல்லை. ஏழாவது நிமிடம் பெட்டியின் மோட்டார் வழக்கம்போல ஓய்ந்தது. அதற்கப்புறம் அந்த நிசப்தத்தில் ஒரு சத்தம் கேட்டது.

டக்.

ஒலியைக் கூட்டினாள். டக். கொஞ்சம் விட்டு, டக்.

அப்பாவின் வாய்க்கு நேரே கண்ணாடி வெளுத்தது. ஈரம்தான். கண்ணாடிக்கு வெளியே ஈரம் படிவதும், முகம் தெரியட்டும் என்று யாராவது எழுந்துபோய்த் துடைப்பதும் எல்லா சாவு வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் இந்த வெளுப்பு சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

சாயங்காலமே டாக்டர் பார்த்தார். உயிர் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார். எழுதியல்லவா கொடுத்தார்.

படத்துக்குள் ஒரு பெண் வந்தாள். கசங்கிய பழுப்புச் சேலை. ஹெலினாவின் சேலை.

"உத்தமன் அண்ணா, பொட்டி இன்னா இப்பிடி சத்தம் போடுது? மனுசி கண்ண மூட வேணாமா?" அவளுடைய குரல். எரிச்சல் பிடித்த குரல்.

"கூலிங் பத்தலம்மா. ஏத்தி வுடு." தூக்கக் கலக்கத்தில் உத்தமன்.

திரையில் அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. சலித்துக்கொண்டாள். குனிந்தாள். குமிழைக் கடைசிவரை திருகினாள்.

இல்லை. வேண்டாம். திருகாதே.

மோட்டார் உறுமியது. அந்த இரைச்சலில் டக் சத்தம் முழுகிப்போனது. கோப்பில் இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்தது. மேக்ஸ்வெல். நின்றது. உடனே மறுபடி அடித்தது.

திரையில் ஹெலினா கொட்டாவி விட்டபடி பாய்க்குத் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால், அவள் துடைத்த அதே இடத்தை, உள்ளேயிருந்து நான்கு விரல்கள் மெல்லத் துடைத்தன.