காத்திருக்காத கத்தி

டெலிபோன் அலறியது!

குதிரை ஆஸ்பத்திரியின் சர்ஜன், பாதி குடித்த காபியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"டாக்டர்... என் குதிரையைக் கொல்லப் பார்த்திருக்காங்க. வயிறு ஒரு பக்கமா பலூன் மாதிரி தொங்குது."

"உடனே கூட்டிட்டு வாங்க."

வந்தது ஓர் ஊர்வலம். கறுப்புக் குதிரை. அழுது வீங்கிய முதலாளி. அவருடைய மச்சினன். இன்ஸ்பெக்டர். கடைசியாக, போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த லாயக்காரர்... கையில் விலங்கோடு!

"நேத்து சாயங்காலம் இவன் கடப்பாரையால இடிச்சான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்," என்றான் மச்சினன்.

"சத்தியமா இல்லைங்க. குளிப்பாட்டலாம்னு போர்வையை எடுத்தேன். அப்பவே வீங்கியிருந்துச்சு..."

லாயக்காரர் விலங்கோடு கைகூப்பினார். வீட்டில் மனைவி நிறைமாதம். இவர் ஜெயிலுக்குப் போனால் அவளுக்கு வேறு நாதியில்லை.

இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கினார்.

"இடிபட்ட காயம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க டாக்டர். உள்ள தள்ளிடுறேன்."

சர்ஜன் வீக்கத்தைத் தடவினாள். தோல் கிழியவில்லை. உள்ளே தசைச்சுவர் கிழிந்து, குடல் தோலுக்கடியில் வந்து உட்கார்ந்திருந்தது. ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இடிபட்ட காயம்தான்."

லாயக்காரரின் தலை தொங்கியது.

"இன்னிக்கே ஆபரேஷன்."

மயக்க மருந்து டாக்டர் நிமிர்ந்தார். அவர் அவளுடைய கணவரும்கூட. ஆகவே இரட்டிப்பு ஜாக்கிரதையாகப் பேசினார்.

"இன்னிக்கேவா? அடிபட்ட தசை வெண்ணெய் மாதிரி இருக்கும், தையல் நிக்காது, ரெண்டு மூணு மாசம் காத்திருக்கணும்னு எனக்குப் பாடம் எடுத்ததே நீதானே?"

"மருந்து போடுறீங்களா... இல்லை உங்களுக்கு நான் போடட்டுமா?"

போட்டார். குதிரைக்குத்தான்!

குதிரை ஒருக்களித்துப் படுத்தது. கத்தி இறங்கியது. குடலை மெல்ல உள்ளே தள்ளி, ஓட்டையை மூட வலைத்துணி வைத்துத் தைத்தாள். விளிம்பில் ஊசி ஏற மறுத்து அடம் பிடித்தது.

கணவர் எட்டிப் பார்த்தார்.

"அடிப்பாவி..."

"உஷ்!"

அவள் வெளியே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள்.

"குதிரை பிழைச்சுடும். இன்ஸ்பெக்டர், அவர் விலங்கைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"நேத்து அடிபட்டிருந்தா இன்னிக்கு நான் கத்தியைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஓட்டையோட விளிம்பு தோல்வார் மாதிரி இறுகிக் கிடக்கு. அதுக்கு ரெண்டு மாசமாவது ஆகும். தொட்டப்போ சந்தேகம்... திறந்தப்போ உறுதி. போன வாரம் வந்தவர் எப்படி இடிச்சிருப்பார்?"

முதலாளி மெதுவாகத் திரும்பினார்.

"மாப்பிள்ளை... இவர் வர்ற வரைக்கும் குதிரைகிட்ட யாரையும் விடாம நீதானே பார்த்துக்கிட்டே? குளிருதுன்னு போர்வையை எடுக்கவே விடலையே?"

மச்சினனுக்கு வியர்த்தது.

"மாமா... நீங்க ஊர்ல இல்லாதப்போ குதிரையில ஏறி வேலி தாண்டிப் பார்க்கலாம்னு... கம்பத்துல இடிச்சிடுச்சு. சொன்னா வீட்டை விட்டே துரத்திடுவீங்கன்னு பயந்து..."

விலங்கு கை மாறியது. லாயக்காரர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அழுதுவிட்டார்.

"என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்று முணுமுணுத்தார் கணவர்.

"உங்க மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும். என் பிறந்தநாள் பரிசையே அது முந்தின நாள் சொல்லிடுது."

பிறகு சர்ஜன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"குதிரைக்கு வயித்துல கட்டு... மாப்பிள்ளைக்குக் கையில. ரெண்டையும் நான் சொல்லாம அவிழ்த்துடாதீங்க!"