பெட்டிகள் அணைந்த கடல்

கஸ்பார் மணவீசியின் திருகைக் கடைசிவரை திருப்பினான். படகின் பின்னால் கட்டியிருந்த நீலப் பெட்டி சீறிக்கொண்டு தண்ணீரில் மணத்தைக் கக்கியது. சுற்றிலும் நின்ற படகுகளிலும் அதே சீறல்தான்.

வலையில் கொஞ்சம் சாளை ஏறியது. தலை மட்டும் பெரிதாக, உடம்பு ஈர்க்குச்சிபோல. அவன் தங்கை பனிமயம் ஒரு மீனை எடுத்து வயிற்றைக் கீறினாள். குடல் காலியாக இருந்தது.

“எத்தனைய அறுத்தாலும் அப்படித்தான் இருக்கும். உன் பெட்டிய மோந்துக்கிட்டு ஓடி வருது. வந்தா சோறு இல்ல, வலைதான் இருக்கு,” என்றான் கஸ்பார்.

“தெரியும்ணே.”

“தெரிஞ்சுதானட்டி செஞ்ச?”

மணவீசியைச் செய்தது அவள்தான். கடல் சூடேறி, மிதவையுயிரிகள் அழியத் தொடங்கிய வருடங்கள் அவை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பச்சைத் துகள்களைச் சின்ன உயிர்கள் கடிக்கும்போது ஒரு மணம் எழும். அங்கே சாப்பாடு இருக்கிறது என்று மீன்களுக்கு அதுதான் அடையாளம். துகள்கள் குறைந்ததும் மணமும் குறைந்தது. மீன்கள் திக்குக்கு ஒன்றாகச் சிதறிப்போயின. பனிமயம் அந்த மணத்தை ஆய்வுக்கூடத்துக் குடுவையில் உண்டாக்கினாள். முதல் பெட்டி கடலில் இறங்கிய அன்று ஊரே வெடி போட்டது. பங்குச் சாமியார் வந்து பெட்டிக்குத் தீர்த்தம் தெளித்தார். பிறகு ஒவ்வொருவரும் பக்கத்துப் படகைவிடப் பெரிய பெட்டியாக வாங்கினார்கள். இப்போது தலையணையிலும் தண்ணீர்க் குடத்திலும் கைக்குழந்தைகளின் தலையிலும் அந்த வாடைதான். அது வாடை என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

போன வாரம், குருசுத்தீவுக்கு அப்பால் பாறைகளுக்கு நடுவில், பச்சைத் துகள்களை அளக்கும் அவளுடைய பச்சைமானியின் முள் துடித்தது. கோயில் மைதானம் அளவுக்கு ஒரு பச்சைத் திட்டு உயிரோடு இருந்தது. ஆனால் அதில் ஒரு மீன்கூட இல்லை. அதன் மெல்லிய மணம் பெட்டிகளின் வாடையைத் தாண்டி வெளியே போகவே முடியவில்லை. இது சாளை முட்டை வைக்கும் பருவம். காலி வயிற்றில் முட்டை பிடிக்காது. மிச்சமிருக்கும் கூட்டம் இந்தப் பருவம் தின்னாமல் போனால், அடுத்த பருவத்துக்குச் சாளை என்று ஒன்று இருக்காது.

கொடிமரத்தடியில் ஊர்க் கூட்டம் கூடியது. பனிமயம் விஷயத்தைச் சொன்னாள். எல்லாரும் பெட்டிகளை அணைக்க வேண்டும் என்றாள்.

“எந்த இடம்னு சொல்லு தாயி,” என்றார் கமிட்டித் தலைவர் தொம்மை.

“மாட்டேன் பெரியப்பா. சொன்னா நாளைக்கு அங்க படகுதான் மொதந்துக்கிட்டு இருக்கும்.”

கூட்டம் சிரித்தது. “பாத்தீங்களா, நம்ம மேல எவ்வளவு நம்பிக்கை!” என்றாள் ஒருத்தி. “பெட்டிய அணைச்சா அடுப்பும் அணையும். பசி தெரியாம இருக்க ஒரு பெட்டி செஞ்சு குடுட்டி!”

கஸ்பார் எழுந்தான். தன் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கி மடியில் சுருட்டி வைத்திருந்தான். அதை மணலில் போட்டான்.

“என்னுது அணைஞ்சாச்சு. ஒத்தப் பெட்டி ஓடுனாலும் மொத்த மீனும் அவன்கிட்டதான் போவும். அதனால எல்லாரும் அணைக்கணும். மாதா மேல சத்தியம் பண்ணுங்க.”

எல்லார் கண்ணும் அந்தக் கம்பிமேல் போனது. பிறகு தொம்மை கையை உயர்த்தினார். ஒவ்வொரு கையாக எழுந்தது. பக்கத்து ஊர்களுக்கும் ஆள் போனது.

சத்தியத்தை யாரும் மீறவில்லை. கடல் மெல்ல மெல்ல வாடையைக் கழுவிக்கொண்டது. வீடுகளில் வெறுங்கஞ்சி கொதித்தது. ஒரு நாள் காலையில் பனிமயத்தின் ஒலிமானித் திரையில் ஒரு மீன்கூட்டத்தின் நிழல் தெரிந்தது. அது குருசுத்தீவை நோக்கி நகர்ந்தது. தன் சோதனைப் படகில் பின்னாலேயே போனாள். பச்சைத் தண்ணீருக்குள் ஆயிரமாயிரம் சாளைகள், வாயை அகலத் திறந்தபடி, வட்டம் வட்டமாகத் தின்றுகொண்டிருந்தன. அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மதியம் காற்று கரைப்பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் படகுகள் வந்தன.

முன்னால் வந்தது கஸ்பாரின் படகு. முனையில் நின்று மூக்கை உயர்த்தியிருந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

“ஏட்டி பனி! மோந்து பாருட்டி! கடல் மணக்குதுட்டி!”

“எப்படிண்ணே வந்தீங்க?”

“காத்துல வந்துச்சு. வாசல்ல நின்னேன், கால் நிக்கல. பாத்தா ஊரே கெளம்பி நிக்கி.”

பெட்டி இல்லாமல் இந்தக் கரையில் யாராலும் மீனைத் தேடிப் பிடிக்க முடியாது என்று அவள் நம்பியிருந்தாள். பெட்டியின் வாடை மனிதர்களின் மூக்கையும்தான் அடைத்து வைத்திருந்தது. அதை அவள் யோசிக்கவேயில்லை.

“வலைய எறக்காதீங்கண்ணே! முட்டை வைக்கட்டும்!”

“ஒருத்தனாவது பெட்டியத் தொட்டானா? பெட்டிய அணைங்கன்னுதான சொன்ன, அணைச்சோம். மீன் பிடிக்காதீங்கன்னு சொல்லலியே.” அவன் குரல் இறங்கியது. “பிள்ளைங்க வெறுங்கஞ்சிதாம்ட்டி குடிக்கி.”

வலைகள் திட்டைச் சுற்றி இறங்கத் தொடங்கின. பனிமயம் கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வளையம் மூடுவதற்கு இன்னும் ஓர் இடைவெளி இருந்தது.

அவள் படகில் சோதனைக்காகச் செய்த முதல் மணவீசி இருந்தது. அதை முடுக்கினாள்.

மீன்கள் தின்பதை நிறுத்தின. வாய்கள் மூடின. பிறகு கூட்டம் மொத்தமும், தன் உணவை விட்டுவிட்டு, அவள் படகின் பின்னால் திரும்பியது. இடைவெளி வழியாக அவள் திறந்த கடலுக்கு ஓட்டினாள். எங்கே கூட்டிப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டியை நிறுத்தினால் மீன்கள் திட்டுக்குத் திரும்பி வலையில் விழும். நிறுத்தாவிட்டால் தின்ன ஒன்றுமில்லாத தண்ணீர்.

“பெட்டியப் போட்டுட்டா!” தொம்மையின் குரல் உடைந்தது. “சத்தியத்த மீறிட்டாளே!”

ஒரு படகில் யாரோ பிடுங்கி வைத்திருந்த கம்பியைப் பெட்டியில் மறுபடி மாட்டினார்கள். சீறல் கேட்டது. அடுத்த படகில் இன்னொன்று. பிறகு எல்லாப் படகுகளிலும். கஸ்பார் மட்டும் கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு அவனும் படகு விளக்கின் கம்பியைப் பிடுங்கி, தன் பெட்டிமேல் குனிந்தான்.

கடலின் மணம் போய்விட்டது. சாளைகள் எந்தப் பெட்டிக்குப் போவது என்று தெரியாமல், நடுவில், வாயை மூடிக்கொண்டு சுற்றின.